பகைவரின் முகம்: லெவினாஸின் அறவியல் குறித்து ஒரு மறுவாசிப்பு

இருப்பது யாது என்னும் வினா முந்தியதா, செய்யத்தக்கது யாது என்னும் வினா முந்தியதா? மெய்யியலில் இது மிகப் பழைய வழக்கு. நம் மரபுக்கும் இவ்வழக்கு புதிதன்று. நன்மையும் தீமையும் செயல்களின் இயல்பிலேயே உறைந்து அறிவால் உணரப்படுவனவா, இறைக்கட்டளையால் மட்டுமே நன்மையாகவும் தீமையாகவும் ஆகின்றனவா என்று முஃதஸிலாக்களும் அஷ்அரிகளும் நெடுங்காலம் வாதிட்டனர். ‘வுஜூத்’ எனப்படும் இருப்பைப் பற்றி இப்னு ஸீனாவும், இப்னு அரபியும், முல்லா ஸத்ராவும் ஆழ்ந்து எழுதியுள்ளனர். ஆகவே இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில், நிகழ்வியல் என்னும் தத்துவ இயக்கத்துக்குள் இதே வினா மீண்டும் எழுந்தபோது நடந்த விவாதத்தை அயலார் வீட்டுச் செய்தியாக நாம் ஒதுக்கிவிட இயலாது.

ஒதுக்க இயலாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அவ்விவாதத்தில் அறத்தின் பக்கம் நின்று மிக வலுவாகப் பேசியவர் இம்மானுவேல் லெவினாஸ். இருப்பியலுக்கு முந்தியது அறவியல் என்பதும், பிறருடைய முகத்தின் முன் நிற்கும் கணத்திலேயே அறம் தொடங்கிவிடுகிறது என்பதும் அவருடைய கோட்பாடு. அவரிடம் 1982இல் பலஸ்தீனரைப் பற்றி ஒரு வினா எழுப்பப்பட்டது. அவர் அளித்த விடை இன்றளவும் சர்ச்சைக்குரியதாக இருக்கிறது. அந்த ஒரு விடையைக் காட்டி அவருடைய தத்துவம் முழுவதையும் தள்ளிவிடுவது எளிது. அவ்விடையைக் கண்டுகொள்ளாமல் அவருடைய நூல்களைப் போற்றுவதும் எளிது. இரண்டையும் தவிர்த்து, அவ்விடை எங்கிருந்து வந்தது என்பதையும், அது நமக்கு என்ன சொல்கிறது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹுஸ்ஸெர்லும் ஹைடெகரும்

நிகழ்வியலைத் தோற்றுவித்த எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல் (1859–1938), பொருள்கள் தம்மளவில் எவ்வாறு உள்ளன என்ற பழைய வினாவைச் சற்றே நிறுத்தி வைத்து, அவை நம் உணர்வுக்கு எவ்வாறு தோன்றுகின்றன என்று கேட்டார். உணர்வு என்பது எப்போதும் ஏதேனும் ஒன்றைப் பற்றிய உணர்வே என்பது அவருடைய அடிப்படை. இம்முறைக்குப் பெரிய இடர்ப்பாடாக வந்தவர் பிற மனிதர். மேசை எனக்குத் தோன்றுவது போலப் பிறர் எனக்குத் தோன்றுவதில்லை. அவருடைய உடல் எனக்குத் தெரிகிறது. அவருடைய அகம் தெரிவதில்லை. 1929இல் பாரிஸில் நிகழ்த்திய உரைகளிலிருந்து உருவான ‘தெக்கார்த்தியச் சிந்தனைகள்’ என்ற நூலின் ஐந்தாம் பகுதியில் ஹுஸ்ஸெர்ல் இதனோடு போராடுகிறார். என் உடலுக்கு ஒப்பான உடலாகக் காண்பதன் வழியே அவரை மற்றொரு ‘நான்’ என உணர்கிறேன் என்பது அவர் கண்ட தீர்வு. பிறருடைய அகம் எனக்கு நேரடியாகக் கிட்டுமானால் அவர் பிறராகவே இருக்கமாட்டார் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் தொடக்கப் புள்ளி ‘நான்’ என்பதே. பிறர் என்னிலிருந்து பெறப்படுகிறார்.

அவருடைய மாணவர் மார்ட்டின் ஹைடெகர், 1927இல் வெளியிட்ட ‘இருப்பும் காலமும்’ என்ற நூலில் வினாவையே மாற்றினார். இருப்பவை பல, ஆனால் ‘இருத்தல்’ என்பதன் பொருள் என்ன? மேலைத் தத்துவம் இவ்வினாவை மறந்துவிட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டு. மனிதன் முதலில் தனியனாக இருந்து பின்னர் பிறரைக் கண்டுபிடிப்பவன் அல்லன். அவன் தொடக்கத்திலிருந்தே பிறரோடு இருப்பவன் என்றும் அவர் காட்டினார். இது பெரிய முன்னேற்றமே. எனினும் அந்நூலில் பிறர் பெரும்பாலும் முகமற்ற கூட்டமாகவே வருகின்றனர். ‘எல்லாரும் இப்படித்தான்’ என்று நம்மை இழுத்துச் செல்லும் பொதுமையாக வருகின்றனர். மனிதன் தன்னை மீட்டுக்கொள்வது, வேறு எவரும் தனக்காக ஏற்க முடியாத தன் மரணத்தை எதிர்கொள்ளும்போதுதான். மனச்சான்றின் குரலும் அங்கே பசித்தவனிடமிருந்து வருவதில்லை; தன்னிடமிருந்து தன்னை நோக்கியே வருகிறது.

அறவியல் நூல் ஒன்றை எப்போது எழுதுவீர்கள் என்று இளம் நண்பர் ஒருவர் தம்மிடம் கேட்டதாக, 1946இல் எழுதிய ‘மனிதநேயம் பற்றிய மடல்’ என்ற ஆக்கத்தில் ஹைடெகரே குறிப்பிடுகிறார். ‘ஈதோஸ்’ என்ற கிரேக்கச் சொல் முதலில் வாழுமிடத்தையே குறித்தது. ஆகவே மனிதன் உறையும் இருப்பைச் சிந்திப்பதே மூல அறவியல் என்பது அவர் விடையின் சாரம். ஆழமான விடைதான். ஆனால் அதை எழுதியவர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்து, ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றவர். யூதக் குடும்பத்தில் பிறந்த தம் ஆசான் ஹுஸ்ஸெர்லுக்குச் செய்த நூற்காணிக்கை 1941ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெறாமல் போகச் செய்தவர். போருக்குப் பின் 1949இல் பிரெமெனில் ஆற்றிய உரையில், இயந்திரமயமான வேளாண்மையும் கொலைக்கூடங்களில் பிணங்களை உற்பத்தி செய்ததும் சாரத்தில் ஒன்றே எனக் கூறியவர். 2014 முதல் அச்சான அவருடைய ‘கருப்புக் குறிப்பேடுகள்’ யூத வெறுப்பு அவருடைய சிந்தனைக்குள்ளும் புகுந்திருந்ததைக் காட்டின.

ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டு அவருடைய தத்துவத்தைப் பொய்யாக்க முடியாது என்பது சரியே. ஆயினும் பிரெமென் உரையின் அந்த ஒப்புமையை வாழ்க்கையின் சறுக்கல் என்று மட்டும் கூறிவிட முடியாது. கொல்லப்பட்ட மனிதரும் உழப்பட்ட நிலமும் ஒரே தொழில்நுட்ப யுகத்தின் இரு எடுத்துக்காட்டுகளாக அங்கே தோன்றுகின்றன. இருப்பின் வரலாற்றை அவ்வளவு உயரத்திலிருந்து நோக்கும்போது கீழே இறந்துகிடப்பவர் யார் என்பது தெரிவதில்லை. இது இருப்பியல் நோக்கிலேயே நேர்ந்த குறைபாடு.

முகம் என்னும் கட்டளை

லெவினாஸ் அந்தக் குறைபாட்டை உள்ளிருந்து அறிந்தவர். லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் 1906இல் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், 1928–29இல் ஃபிரைபுர்க்கில் ஹுஸ்ஸெர்லிடமும் ஹைடெகரிடமும் பயின்றார். ஹைடெகர் மீது அவர் கொண்ட வியப்பு பெரிது. அதனாலேயே 1933 தந்த அதிர்ச்சியும் பெரிது. பிரெஞ்சுப் படைவீரராகச் சிறைப்பட்டு 1940 முதல் போர் முடியும்வரை ஜெர்மனியில் கைதியாக இருந்தார். லித்துவேனியாவிலிருந்த அவருடைய பெற்றோரும் உடன்பிறந்தாரும் கொல்லப்பட்டனர்.

1951இல் ‘இருப்பியல் அடிப்படையானதா?’ என்ற கட்டுரையிலும், 1961இல் ‘முழுமையும் முடிவிலியும்’ என்ற பெருநூலிலும் அவர் முன்வைத்த வாதத்தைச் சுருங்கச் சொல்லலாம். அறிதல் என்பது அறியப்படுவதை எனதாக்கிக்கொள்ளுதல். இருப்பியல், இருப்பவை அனைத்தையும் ‘இருப்பு’ என்ற பொதுமைக்குள் கொண்டுவந்து புரிந்துகொள்கிறது. அங்கே எதுவும் வெளியே எஞ்சுவதில்லை. இதையே அவர் ‘முழுமை’ என்கிறார். அரசும் போரும் மனிதரைக் கணக்கில் ஓர் எண்ணாக ஆக்குவது இம்முழுமையின் அரசியல் வடிவம். ஆனால் என் முன் நிற்கும் மனிதர் என் அறிவுக்குள் அடங்குவதில்லை. அவருடைய முகம் என்பது கண், மூக்கு, நிறம் ஆகியவற்றின் தொகுப்பு அன்று. அவற்றை எண்ணிப் பார்க்கும் கணத்தில் நாம் முகத்தைத் தவறவிட்டுவிடுகிறோம். முகம் பேசுகிறது, தன்னைக் கொல்லலாகாது என்று கட்டளையிடுகிறது. எதிர்க்கும் ஆற்றலற்ற அதன் நிராதரவே அக்கட்டளையின் வலிமை. அவர் எனக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்பது என் வினா அன்று. என் பொறுப்பு கைம்மாறு கருதாதது, எல்லையற்றது. முடிவிலி என்ற எண்ணம் அதைத் தாங்கும் மனத்தைவிடப் பெரியது என்று தெக்கார்த் கூறியதை லெவினாஸ் இங்கே பிறர்மீது பொருத்துகிறார்.

நம் வாசகர்களுக்கு இவ்விடத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் ஹதீஸ் குத்ஸி ஒன்று நினைவுக்கு வரக்கூடும். நோயுற்றவனையும் பசித்தவனையும் தாகித்தவனையும் கவனியாது விட்ட அடியானிடம், மறுமை நாளில் அல்லாஹ் தன்னையே கவனியாது விட்டதாக விசாரிக்கும் செய்தி அது. இறைவனை நோக்கிய பாதை, தேவையுடைய மனிதனைச் சுற்றிக்கொண்டு போக முடியாது என்ற பொருளில் இரண்டும் நெருங்கி நிற்கின்றன.

லெவினாஸின் மீது எழுந்த கூர்மையான விமரிசனம் ழாக் தெரிதாவுடையது. இருப்பியலை மறுக்கும் லெவினாஸ் இருப்பியலின் மொழியிலேயே பேச நேர்கிறது என்று அவர் 1964இல் சுட்டினார். 1974இல் வெளிவந்த லெவினாஸின் இரண்டாம் பெருநூலை இதற்கான பதிலாகப் பலரும் வாசிக்கின்றனர். அந்நூலில் நம் நோக்கத்துக்கு முதன்மையானது ‘மூன்றாமவர்’ என்ற கருத்து. உலகில் நானும் என் முன் நிற்பவரும் மட்டும் இல்லை. அவருக்கு அருகில் மற்றொருவரும் நிற்கிறார். இருவருக்கும் நான் பொறுப்பு எனில் ஒப்பிடவும் எடைபோடவும் தீர்ப்புரைக்கவும் வேண்டியதாகிறது. சட்டமும் நீதிமன்றமும் அரசும் இங்கிருந்தே பிறக்கின்றன.

1982, பெய்ரூத்

1982 செப்டம்பர் 16 முதல் 18 வரை, பெய்ரூத்தின் ஸப்ரா பகுதியிலும் ஷாத்திலா அகதி முகாமிலும் பலஸ்தீனரும் லெபனானியருமான பொதுமக்களை லெபனானின் ஃபலாஞ்சுப் படையினர் கொன்று குவித்தனர். அப்பகுதியைச் சூழ்ந்து நின்றது இஸ்ரேலிய இராணுவம். கொல்லப்பட்டோர் பற்றிய மதிப்பீடுகள் பல நூறு முதல் மூவாயிரத்துக்கு மேல் வரை வேறுபடுகின்றன. இஸ்ரேல் அமைத்த கஹான் ஆணையம் 1983இல் அந்நாட்டை மறைமுகப் பொறுப்பாளியாகவும், பாதுகாப்பு அமைச்சர் ஏரியல் ஷரோனைத் தனிப்பட்ட பொறுப்புடையவராகவும் கண்டது.

படுகொலை நடந்த சில நாள்களில் பாரிஸின் யூத வானொலி ஒன்றில் லெவினாஸும் அலென் ஃபின்கியெல்கிராவும் உரையாடினர். பிறரைப் பற்றியே சிந்தித்து வரும் தத்துவவாதியான உங்களுக்கு, இஸ்ரேலியருக்குப் ‘பிறர்’ என்பவர் முதலில் பலஸ்தீனர் அல்லவா என்று உரையாடலை நடத்தியவர் கேட்டார். தாம் ‘பிறர்’ என்பதை முற்றிலும் வேறு பொருளில் வரையறுப்பதாக லெவினாஸ் பதிலளித்தார். பிறர் என்பவர் அண்டையில் இருப்பவர். அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடும் என்றார். அண்டையில் உள்ள ஒருவர் அண்டையில் உள்ள மற்றொருவரைத் தாக்கினால் அப்போது பிறர்மை வேறு தன்மை கொள்கிறது. அதில் பகைவரைக் காணவும் நேரலாம். யார் நேர்மையானவர், யார் அநீதியானவர் என்று அறிய வேண்டிய நிலை வருகிறது என்றும் கூறினார்.

பலஸ்தீனருக்கு முகமில்லை என்று லெவினாஸ் சொன்னதாக எழுதுவோர் உண்டு. அவர் அவ்வாறு சொல்லவில்லை. குற்றமில்லாத இடத்திலும் பொறுப்பு நீங்குவதில்லை என்று அதே உரையாடலில் அவர் பேசினார். மண்ணைவிட, அது புனித மண்ணே ஆயினும், மனிதனே புனிதமானவன் என்ற கருத்தையும் அங்கே வெளியிட்டார். இவற்றை மறைத்துவிட்டு அவரை விமரிசிப்பது நேர்மையாகாது.

எனினும் நம் வினா எஞ்சி நிற்கிறது. மூன்றாமவரைக் கொண்டுவந்ததில் பிழையில்லை; அவருடைய தத்துவமே அதைக் கோருகிறது. பிழை, கொண்டுவந்த இடத்தில் உள்ளது. கேட்கப்பட்ட வினாவின் பின்னணியில் கிடந்தவர்கள் முதியோரும் பெண்களும் சிறுவர்களுமாகிய இறந்தோர். அவர்களைப் பற்றிய வினாவுக்கு, அண்டையாரைத் தாக்கும் அண்டையார் பற்றிய விடை வந்தது. பொறுப்பை விரிப்பதற்காக வந்த மூன்றாமவர் இங்கே பொறுப்பைக் குறுக்கப் பயன்பட்டார். உறவினராகவும் இருக்கக்கூடும் என்ற சிறு சொற்றொடர், எல்லையற்றது என்று கூறப்பட்ட பொறுப்புக்குள் உறவின் எல்லை ஒன்றை ஓசையின்றி வரைந்துவிட்டது.

இதைத் தனிமனிதரின் தடுமாற்றம் என்று மட்டும் நாம் கருதவில்லை. முகம் கட்டளையிடுகிறது; ஆனால் முகத்திலிருந்து நீதிக்கு இறங்கும்போது கைக்கொள்ள வேண்டிய விதி எது என்பதை லெவினாஸின் அறவியல் வரையறுப்பதில்லை. குறிப்பாக இரண்டு இடங்கள் காவலின்றித் திறந்து கிடக்கின்றன: ஒன்று உறவினரின் இடம், மற்றொன்று பகைவரின் இடம். காவலற்ற இடத்தில், எந்த மனிதரிடமும் நேர்வது போலவே, இனப்பற்றும் அச்சமும் புகுந்துகொள்கின்றன.

இருப்பியல்தான் குற்றவாளியா?

இருப்பியல் அனைத்தும் பிறரை விழுங்கும் என்ற லெவினாஸின் அடிப்படைக் கூற்றையும் சோதித்துப் பார்க்கலாம். இருப்பு ஒன்றே என்று கூறும் ‘வஹ்ததுல் வுஜூத்’ கொள்கையைவிட முழுமையான இருப்பியல் எது? இறைவனுக்கும் அடியானுக்கும் இடையிலான வேறுபாடு இக்கொள்கையில் கரைந்து, அதனால் ஏவல் விலக்கல்களும் மங்கிவிடும் என்று இப்னு தைமிய்யாவும், பின்னர் வேறொரு வகையில் ஷைகு அஹ்மது ஸிர்ஹிந்தியும் கவலை கொண்டனர். அக்கவலைக்கும் லெவினாஸின் அச்சத்துக்கும் ஒருவகை உறவு உண்டு.

ஆயினும் 1860 ஜூலையில் திமிஷ்கில் நடந்ததை நோக்குக. அங்கே கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது, ஆயிரக்கணக்கானோரைத் தம் இல்லத்திலும் காவலிலும் வைத்துக் காத்தவர் அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரீ. அவர் இப்னு அரபியின் வழியில் ‘கிதாபுல் மவாகிஃப்’ என்ற நூலை யாத்த ஆன்மிக அறிஞர். அல்ஜீரியாவை ஆக்கிரமித்த பிரெஞ்சுப் படையோடு 1832 முதல் 1847 வரை போரிட்டவரும், சரணடைந்தபின் வாக்குறுதி மீறப்பட்டு 1852 வரை பிரான்சில் சிறை வைக்கப்பட்டவரும் அவரே. அவர் காப்பாற்றியோருள் பிரெஞ்சுத் தூதரகத்தாரும் இருந்தனர். தமக்குப் பாராட்டு மடல் எழுதிய அல்ஜியர்ஸ் ஆயருக்கு அனுப்பிய பதிலில், இஸ்லாமிய ஷரீஅத்துக்குக் கட்டுப்பட்டும் மானிட உரிமைகளை மதித்தும் தாம் கடமையைச் செய்ததாகவே அமீர் குறிப்பிட்டார்.

இருப்பு ஒன்றெனக் கண்டவர் பிறரை விழுங்கவில்லை. பிறரே முதல் என்று எழுதியவர் ஒரு நெருக்கடியில் பிறரைத் தவறவிட்டார். இதிலிருந்து இருப்பியலே அறத்தைத் தரும் என்று முடிவு கட்டுவது அவசரம். அதற்கு மறுப்பாக ஹைடெகர் ஒருவரே போதும். அமீர் தம் செயலுக்குக் காரணமாகச் சுட்டியது தம் இருப்புக் கொள்கையை அன்று. பகைவருக்கும் பொருந்தும் ஒரு விதியை. நாம் கவனிக்க வேண்டியது இதுவே.

திரும்பிய முகமும் நீதியின் விதியும்

திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயமான ‘அபஸ’, முகம் சுளித்ததைப் பற்றிய வசனத்தோடு தொடங்குகிறது. குறைஷித் தலைவர்களோடு நபி (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்தபோது, பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) இடையில் வந்து கேட்டதையும், அதனையொட்டி இவ்வசனங்கள் அருளப்பட்டதையும் விரிவுரையாளர் பெரும்பாலோர் குறிப்பிடுகின்றனர். வந்தவர் பார்வையற்றவர், சுளித்த முகத்தை அவர் கண்டிருக்க இயலாது. ஆயினும் அது கணக்கில் வந்தது. பிறர் அறியாத இடத்திலும் அவருக்குரிய உரிமை குறைவதில்லை என்ற இப்பாடம், லெவினாஸ் சொல்லும் கைம்மாறு கருதாப் பொறுப்புக்கு மிக அண்மையில் உள்ளது.

ஆனால் திருக்குர்ஆன் முகத்தோடு நின்றுவிடவில்லை. தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாய் நிற்குமாறு 4:135 பணிக்கிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடலாகாது என்று 5:8 எச்சரிக்கிறது. உறவினரின் இடம், பகைவரின் இடம் ஆகிய இரண்டையும், அதாவது லெவினாஸிடம் காவலின்றிக் கிடந்த அதே இரு வாயில்களையும், இவ்விரு வசனங்களும் காக்கின்றன. வானங்களும் பூமியும் மலைகளும் ஏற்க மறுத்த அமானிதத்தை ஏற்றவனாக 33:72 மனிதனை அறிமுகம் செய்கிறது. மனிதன் யார் என்ற இருப்பியல் வினாவுக்கு, பொறுப்பேற்றவன் என்ற அறவியல் விடை அங்கே அளிக்கப்படுகிறது. மனிதனை விலங்கிலிருந்து பிரிப்பது பகுத்தறிவு அன்று, ஒழுக்கமே என்று மொரோக்கோ நாட்டு மெய்யியலாளர் தாஹா அப்துர் ரஹ்மான் 2000இல் வெளியிட்ட ‘சுஆலுல் அக்லாக்’ என்ற நூலில் வாதிடுவதும் இத்திசையிலேயே.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், லெவினாஸிடம் இல்லாதது நம்மிடம் உண்டு என்ற மனநிறைவோடு இக்கட்டுரை முடிந்துவிடும். அம்மனநிறைவுக்கு நமக்கு உரிமை இல்லை. அவ்விரு வசனங்களும் ஈமான் கொண்டோரை விளித்தே தொடங்குகின்றன, விளிக்கப்பட்டவர்கள் நாம். 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் குர்து மக்கள் மீது நச்சுவாயு வீசப்பட்டு ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவ்வாண்டில் குர்துகளுக்கு எதிராக ஈராக் அரசு நடத்திய படையெடுப்புக்குத் திருமறையின் எட்டாம் அத்தியாயத்தின் பெயரான ‘அன்ஃபால்’ என்பதே சூட்டப்பட்டிருந்தது. 2003 முதல் தார்ஃபூரில் கொல்லப்பட்டோரும் முஸ்லிம்களே, கொன்றோரும் முஸ்லிம்களே. ஸப்ராவையும் ஷாத்திலாவையும் நாம் நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு இவ்விரு பெயர்களையும் நினைவில் வைத்திருக்கிறோமா? கொன்றவர் நம்மவராக இருந்த இடத்தில், யார் யாரைத் தாக்கினார், பின்னணி என்ன என்று கேட்டு நாமும் மூன்றாமவரை முன்நிறுத்திப் பொறுப்பைக் குறுக்கிக்கொள்ளவில்லையா? 2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் கொல்லப்பட்ட பல்லாயிரவருக்காக நாம் எழுப்பும் குரல் நியாயமானது. அதில் ஒரு சொல்லும் குறைய வேண்டியதில்லை. ஆனால் அம்மாதம் 7ஆம் நாள் கொல்லப்பட்ட இஸ்ரேலியப் பொதுமக்களின் முகத்தை நோக்கவும் 5:8 நம்மைப் பணிக்கிறது. அதை நோக்குவதால் காஸாவின் கோரிக்கை வலுக்குன்றாது. நோக்க மறுத்தால், 1982இல் லெவினாஸிடம் நாம் கண்ட அதே பிழையை நாமும் செய்தவர்களாவோம்.

இருப்பா அறமா என்ற வழக்கை நிகழ்வியல் தீர்த்து வைத்துவிடவில்லை. இருப்பியலின் உயரத்திலிருந்து மனிதர் தெரியாமல் போகலாம் என்பதை ஹைடெகரின் வாழ்வும் எழுத்தும் காட்டின. மனிதரின் முகத்துக்கு மிக அருகில் நின்றாலும், அருகில் நிற்பவரை மட்டுமே காண நேரலாம் என்பதை லெவினாஸின் விடை காட்டியது. அவருடைய நூல்களை நாம் வாசிக்க வேண்டும். அவர் தவறிய இடத்தைக் கண்டு மகிழ்வதற்காக அன்று, நாமும் தவறக்கூடிய இடத்தை அவர் வழியே அடையாளம் கண்டுகொள்வதற்காக. உறவினருக்கு எதிராகச் சாட்சியம் சொல்ல நேரும்போதும், பகைவருக்கு நீதி வழங்க நேரும்போதும் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதே, நம் கையிலிருக்கும் விதியை நாம் நம்புகிறோமா என்பதற்கான சான்று. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.